ரயிலுக்கு மாட்டிய ஜெபமாலைச் சங்கிலி

நாலாவதோடு படிப்பை விட்டவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலில் வைக்க மரத்தில் சின்ன ரயில் செய்தேன். பெட்டிகளை இணைக்கப் பொடிச் சங்கிலி உப்பளம் என்கிற எங்கள் பகுதியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மனைவியின் ஜெபமாலை அறுந்து அலமாரியில் கிடந்தது. அவளைக் கேட்காமலே குறடால் மணிகளைக் கழற்றி, சங்கிலித் துண்டுகளை ரயிலுக்கு மாட்டிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த மாலையாச்சே! இந்தப் பாவத்துக்கு எங்கே போவேன்? சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவளிடமே சொல்லிவிட்டேன்.

“ஐயே, இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? அறுந்த மாலையாச்சே, மந்திரிச்சத குப்பையில போடக்கூடாதுன்னு மண்ணுல புதைக்க வெச்சிருந்தேன். மண்ணுக்குப் போறது சேசுபாலன்கிட்ட போவுது, விடுங்க” என்றாள். மணிகளையும் அவளே சரக்காக ரயில் பெட்டிகளில் கொட்டினாள்.

இப்போதெல்லாம் குறடைத் தொடுமுன் அவளைக் கேட்டுவிடுகிறேன். பாதி பயம் அங்கேயே போய்விடுகிறது.