அப்பாவின் காக்கிச் சட்டையும் அண்ணனின் ஒரு ரீலும்

அண்ணனை நெருப்புக்குக் கொடுத்து ஓராண்டாகிறது. "சாந்தமானவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்" என்று நான் எழுதியிருப்பேன் என உறவினர்கள் எதிர்பார்ப்பார்கள். அவர் சாந்தமானவர்தான். எங்கள் வீடு அப்படியில்லை.

திருநெல்வேலியில் பிறந்தவர், மூன்று வயதில் ஹைதராபாத் வந்தார். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் அப்பா ஃபோர்மேன். ஐ.டி.ஐ. முடித்த அண்ணனையும் அங்கேயே லேத் வேலையில் சேர்த்துவிட்டார். அண்ணனுக்கோ சினிமாப் பைத்தியம். பார்க்கிற பைத்தியமல்ல, எடுக்கிற பைத்தியம். அவருடைய முதல் கேமராவை அப்பா சுவரில் அடித்து உடைத்தார். அண்ணன் இன்னொன்றை இரவல் வாங்கி வந்தார். கையில் இருந்தது ஒரே ரீல். மூன்று நிமிடம் ஓடும், சத்தம் பதியாது.

அதில் அவர் எடுக்க நினைத்தது, மகனை அடிக்கும் தகப்பனின் கதை. தகப்பனாக நடிக்க, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த எதிர்க் குவார்ட்டர்ஸ் மாமா ஒப்புக்கொண்டார். கொடியில் காய்ந்த அப்பாவின் காக்கிச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, மகனாக அண்ணனே நின்றார். கேமராவை என்னிடம் தந்தார்.

"ஏட்டி, என்ன நடந்தாலும் பட்டன விட்றாத."

மாமாவுக்கு அடிக்க வரவில்லை. கன்னத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் ஷிப்டு முடிந்து அப்பா வந்தார்.

"ஏல, என் சட்டையப் போட்டு என்னையவே கூத்தாடியாக்குதியா?"

பெல்ட்டை உருவினார். அதன் கொக்கி அண்ணனின் இடது காதைக் கிழித்தது. விழுந்தவரை வயிற்றில் மிதித்தார். "நக்கோ சார், வேணாம்! செத்துப் போயிடுவான்!" என்று குறுக்கே பாய்ந்த மாமாவுக்கு ஒரு பல் போயிற்று. நான் ஓடித் தடுத்திருக்க வேண்டும். பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். ரீல் தீர்ந்து கேமரா நின்றது. அப்பா நிற்கவில்லை.

அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

தொழிற்சாலை ஆண்டு விழாவில், ஊழியர் எடுத்த படம் என்று, அண்ணன் கொடுத்த அந்த ரீலைப் போட்டார்கள். முன்கூட்டி யாரும் பார்த்திருக்கவில்லை. மாமா தடவியபோது கூட்டம் சிரித்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அப்பா தலை குனிந்தபடி எழுந்து வந்தார்.

வீட்டில் கேட்டார்: "ஏல, நான் இப்பிடியா அடிச்சேன்?"

"மூணு நிமிசந்தாம்ப்பா இருக்கு. அதுக்கு மேல ரீல் இல்ல."

அதன்பின் அப்பா கை ஓங்கவில்லை. அண்ணன் வேலையை விட்டு, குறும்படங்கள் எடுத்தே வாழ்ந்தார். நடிப்பவர்கள் பக்கம் வலது காதைத் திருப்பி உட்காருவார். அது டைரக்டரின் பாணி என்று பலர் நினைத்தார்கள். கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது.

கடைசி வரை உடனிருந்த மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த லேத் பிரிவு நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரித் தாதிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொரு பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தார் அண்ணன். "அப்பாவுக்கும் நன்றி போடுட்டி. எம் படத்துல தகப்பன் வேசத்த சரியா செஞ்சது அவரு ஒருத்தருதான்" என்றார். எனக்கு மனமில்லை. அன்று பட்டனை விடாததும் அண்ணன் சொல்லித்தான். இதுவும் அவர் சொல்லித்தான்.

அப்பா, உங்களுக்கும் நன்றி.