வுடே இளைக்க வைத்த கால்

கொஜாம் மேட்டில் குளிர்காலம் ஜூலையில், மழையோடு வரும். செம்மண் களியாகிவிடும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கால் வீங்கும் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி வுடேக்கு அலுத்துவிட்டது. ஊரும் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, நல்ல செருப்பு சேற்றில் கெட்டுப்போகுமே என்று அதைக் கக்கத்தில் இடுக்கியபடி வெறுங்காலோடு நடந்தது.

வுடேக்கு இருபது வயதில் கால் வீங்கியது. சாபம் பிடித்த குடும்பம் என்று சொல்லிவிட்டுப் புருஷன் போய்விட்டான். போனவனும் வெறுங்காலோடுதான் போனான்.

பிறகு சுகாதார நிலையத்துக்கு வந்த நர்ஸ், உடம்பில் நிணநீர் என்று ஒன்று ஓடுவதாகவும், காலில் அதன் பாதை அடைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். வுடே அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். "நமக்குள்ள ஒரு தண்ணி இருக்கு. நம்மளவிட சோம்பேறி. குளிர் வந்தா படுத்துக்கும். மாட்டை மேட்டுல ஓட்டுற மாதிரி அதை மேல ஓட்டணும்." சோப்புப் போட்டுக் கழுவு, விரல் இடுக்கில் ஈரம் நிற்க விடாதே, களிம்பு தடவு, துணியைக் கீழிருந்து மேலே சுற்று, காலைத் தூக்கி வைத்து விரலை ஆட்டு. குளிர்காலத்தில் ஒரு வாரம் தவறினாலும் தோல் வெடிக்கும், காய்ச்சல் வரும். மரியம் மாதா கோவில் தீர்த்தத்தால்தான் குணமாகும் என்றவர்களோடு அவள் சண்டை போடவில்லை. தீர்த்தத்தையே கொண்டுவரச் சொல்லி, அதில் சோப்பைக் கரைத்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் சுகாதார நிலையத்தின் பின்னால் தகரக் கொட்டகையில் வுடேயோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் கால் கழுவ வாளியோடு உட்கார்ந்தார்கள். பதினோராவது ஆள் அஸ்காலெ. முதல் நாள் முகத்தை மூடிக்கொண்டு வந்தவள். மூன்று குளிர்காலம் வுடே மண்டியிட்டு அவள் காலைக் கழுவிக் கட்டினாள். காபி குடித்துக்கொண்டே இருவரும் சத்தியமும் செய்துகொண்டார்கள்: அஸ்காலெயின் மகன் கெதநெட்டுக்கு வுடேயின் மகள் ஃபந்தாயே.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்கள வேற யாருடி எடுப்பா?" என்று அன்று கேட்டவள் அஸ்காலெதான்.

கேள்வி நியாயமானது. ஆனால் இந்த வருஷம் அஸ்காலெயின் கால் இளைத்து, சந்தைக் கடைச் செருப்புக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதோடு கேள்விக்கு வேறு பதிலும் கிடைத்தது. கீழ்த்தெருவில் நோய் இல்லாத பெரிய வீட்டுக்குப் பெண் கேட்டுப் பெரியவர்களை அனுப்பினாள்.

விஷயத்தைச் சொன்னவள் பக்கத்து வாளிக்காரி டின்கே. "உங்க வீட்டுல கால் நோய் உண்டான்னு அவங்க கேட்டாங்களாம் அக்கா. அதுக்கு அவ, எனக்கு ஏது, அந்த வுடேக்குத்தான், பாவம்னு நான் போய்க் காலைக் கழுவி விடுறேன்னு சொல்லியிருக்கா."

வுடே முதலில் சிரித்தாள். வீட்டுக்குப் போய் ஃபந்தாயேயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு என்று நூல் நூற்றுக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் மழைக்கு நடுவே கீழ்த்தெருப் பெண் வீட்டுப் பெரியவர் அயால்நே கொட்டகைக்கு வந்தார், சொன்னது நிஜமா என்று பார்க்க. கூடவே அஸ்காலெ. வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் நேராக வுடேயின் வாளிக்கு முன் மண்டியிட்டு, வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கை பழகிய கைதான். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்தாள்; வுடே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

அயால்நே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார். "ஏம்மா வுடே, இந்த அம்மா வாராவாரம் உனக்கு இப்படித்தான் செய்றாளா?"

மற்ற ஒன்பது பேரும் அவரவர் வாளியையே பார்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கல்யாணம் ஆகாத பிள்ளை ஒன்று இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தச் சம்பந்தம் முறியும், கெதநெட் ஃபந்தாயேக்கே திரும்புவான். சொல்லாவிட்டால் மகளுக்கு நூல் மட்டும் மிஞ்சும். நோயை மறைக்காதீர்கள், இது சாபமில்லை என்று பத்து வருஷமாகச் சந்தையில் கத்தியவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

"இன்னைக்குத்தான் முதல் தடவை. இத்தனை வருஷமா நான்தான் அவ காலைக் கழுவினேன். வீங்கியிருந்த காலு அது. நான் இளைக்க வச்சேன்."

அயால்நே அஸ்காலெயின் காலைப் பார்த்தார். வழவழவென்று, கணுக்கால் எலும்பு தெரிய, குறை சொல்ல முடியாத கால். வுடே செய்த வேலையிலேயே சிறந்தது அதுதான்.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு இந்த அம்மா முன்னாடியே சொல்லிடுச்சு," என்றார் அவர், கோபமே இல்லாமல். "உன் மகளைத் தள்ளிட்டாங்கன்னு உனக்கு வருத்தம். பெத்த வயிறு, பேசத்தான் செய்யும். ஆனாலும் காலைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறவளப் பத்தி இப்படிப் பேசலாமா தாயி?"

அஸ்காலெ தலை நிமிரவில்லை. துணியைக் கீழிருந்து மேலே சுற்றி முடித்து எழப் பார்த்தாள்.

வுடே இடது காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். கனமான கால்.

"எங்கடி போற? இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள். "தண்ணி சில்லுன்னு ஆயிடுச்சு. வேற கொண்டா."