பல்பு அலமாரியில் நாலு ஃபிலிம் டப்பா

போன வாரம் முழுக்க, போன் அடித்தாலே எடுக்கத் தயங்கினேன். காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டு அலமாரிதான்.

மகள் பிருந்தா சினிமாவில் கேமரா உதவியாளர். ஊரே டிஜிட்டலில் படமெடுக்கும்போது, இவளுடைய டைரக்டர் மட்டும் ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"ஏங்கண்ணு இந்த வம்பு? டிஜிட்டல்னா எடுத்ததும் பாத்துக்கலாமே?" என்றேன்.

"பாத்துக்கலாங்கப்பா. ஆனா அதுல உறைபனிய எடுத்தா சிலசமயம் மொத்தமா வெளுத்துப்போயிருது. ஃபிலிம்ல அந்த வெள்ளைக்குள்ளயும் ஈரம் தெரியும்."

புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

ஊட்டிப் பக்கம் கேத்தியில் கேரட் தோட்டத்தின் மேல் உறைபனி. விடியற்காலையில் கதாநாயகி அதன்மேல் நடந்து போகிறாள். இந்தக் காட்சியில்தான் முதல்முறையாகப் பிருந்தா கையில் கேமராவைக் கொடுத்திருந்தார்கள். வெயில் ஏறினால் அரை மணியில் பனி காலி. அதற்குப் பிறகு இந்தச் சீசனில் பனியே விழவில்லை. இன்னொரு முறை எடுக்க வேண்டுமென்றால் அடுத்த குளிர்காலம்தான்.

எடுத்த நாலு ஃபிலிம் ரோலையும் டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, குன்னூரில் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு தேவர்சோலைக்கு ஷூட்டிங் போனாள். மூன்று நாள் வேலை.

"தெறந்துடாதீங்கப்பா. பத்திரமா வெச்சிருங்க."

பத்திரமாக என்றால் எங்கள் மலையில் என்ன அர்த்தம்? ஈரம் படாமல் என்று அர்த்தம். அதற்கென்றே ஓர் அலமாரி வைத்திருக்கிறோம். உள்ளே ஒரு குண்டு பல்பு ராப்பகலாக எரியும். கல்யாணக் கோட்டு, பட்டுப்புடவை, சர்ட்டிஃபிகேட்... எதிலும் பூஞ்சை அண்டாது. டப்பாக்களைப் பல்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மகள் பொருளாயிற்றே!

நாலாம் நாள் பிருந்தா வந்தாள். டப்பாவைக் கையில் வாங்கியவள் ஒரு நொடி நின்றாள். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டு மும்பை லேபுக்கு ரயிலேறினாள். விமானத்தில் போனால் எக்ஸ்ரே பட்டுவிடுமாம்.

அன்று மாலை வாக்கிங்கில், முன்பு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஸ்டீபனிடம் பெருமையாகச் சொன்னேன். மனிதர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, அதென்ன கோழிமுட்டையா அடைகாக்கறதுக்கு? கழுவாத ஃபிலிமுக்குச் சூடு ஆகாதுங்க. நெறம் மாறிப்போகும். படம் மூட்டமா மங்கிப்போகும்."

அத்தோடு என் தூக்கம் போயிற்று.

டிஜிட்டல் என்றால் எடுத்த இடத்திலேயே திரையில் தெரிந்திருக்கும். ஃபிலிம்? லேபில் கழுவும் வரை யாருக்கும் தெரியாது. அழகான அந்த வெள்ளை, டப்பாவுக்குள் என்ன கதியில் இருக்கிறதோ... மகளிடம் சொல்லிவிடலாமா? கழுவுவதற்கு முன்னால் சொன்னால் ஏதாவது சரிசெய்வார்களோ? பத்து முறையாவது நம்பரை எடுத்திருப்பேன். ஒருமுறைகூட அழுத்தவில்லை. பயந்தாங்கொள்ளி!

ரயிலேறிய எட்டாம் நாள் அவளே அழைத்தாள்.

"மூணு ரோல் நல்லா வந்திருக்குங்கப்பா. ஒண்ணுல மட்டும் கருப்பெல்லாம் சாம்பலா இருக்கு. சமாளிச்சிக்கலாம்."

"கண்ணு... அந்த அலமாரி..."

"தெரியுங்கப்பா. கையில வாங்கும்போதே டப்பா சுட்டுச்சு. சூடு பட்டிருக்குன்னு லேப்ல சொல்லித்தான் குடுத்தேன். டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் கழுவுனாங்க."

"எப்படிச் சூடு பட்டுச்சுன்னு டைரக்டர் கேக்கலையா?"

"கேட்டாரு. ஜீப் என்ஜின்கிட்ட நான்தான் வெச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

"திட்டுனாரா?"

"அடுத்த ஷெட்யூல்ல ஃபிலிம் ரோல வேற ஆள் பாத்துக்குவாங்க. கேமராவும்தான். விடுங்கப்பா."

டைரக்டர் நம்பரைக் கேட்டேன். தர மறுத்துவிட்டாள். சமாதானத்துக்கு அந்தக் காட்சியிலிருந்து ஒரு படத்தை அனுப்பினாள். போனில் உற்று உற்றுப் பார்த்தேன். ஃபிலிமா, டிஜிட்டலா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இதற்கா என் மகள் கேமராவை இழந்தாள்?

அலமாரிப் பல்பைக் கழற்றிவிட்டேன். கோட்டு பூத்தால் பூக்கட்டும்.

இன்னொரு விஷயம். அந்த டைரக்டர் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியை வாராவாரம் படிப்பாராம், பிருந்தாதான் முன்பு சொன்னாள்.

ஐயா, ஜீப் மேல் ஒரு தப்பும் இல்லை.