முந்தல் வந்தால் காது திறக்கும்

தேனியில் காது டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடி பஸ் நிலையத்தில் இறங்கியதும் செல்லத்தாய் அத்தை கேட்டார்.

"டாக்டரு ஒங்கிட்ட என்னத்தா சொன்னாரு?"

"நரம்பு போச்சாம் அத்தே."

"வரம்பா? எந்த வரம்பு?"

"நரம்பு. காது நரம்பு."

"உறக்கெச் சொல்லு ஆத்தா. வாய்க்குள்ளயே முணங்குற."

சத்தமாகச் சொன்னேன். பூக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"மிசின் வச்சாக் கேக்காதாமா?"

"கொஞ்ச நாளைக்குக் கேக்குமாம். அப்பறம் அதுலயும் கேக்காதாம்."

"எம்புட்டு நாளைக்கு?"

ஆறு விரல்களைக் காட்டினேன்.

"ஆறு வருசமா?" முகம் மலர்ந்துவிட்டது.

"மாசம்."

அத்தை கையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். மீதியைத் தின்று முடித்தார். பிறகு தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"சந்திரவல்லியம்மா எங்குட்டாச்சும் பாடுறாகளான்னு ஒன் போனுல பாரு. வெரசாப் பாரு."

'உறக்கெ' மலையாளச் சொல். சத்தமாக என்று பொருள். மலைமேல் கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் தமிழர்கள்தான், ஆனால் பேச்சில் பாதி அந்தப் பக்கத்துப் பேச்சு. நான் மேலே மலையாளப் பள்ளியிலும் பிறகு போடியில் தமிழிலும் படித்தேன். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'உரக்க' என்று பார்த்தபோது, இது நம்ம சொல்தானே என்று நினைத்தேன். ஆனால் போடியில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. கீழே எல்லாருக்கும் 'சத்தமா'தான். அத்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிறந்ததிலிருந்து மலையில் இருப்பவர்.

பக்கத்து வீடு எங்களுக்கு. வயது நாற்பத்தொன்பது. சோலி, ஏலக்காய் எடுப்பது. அவருடைய ஒன்பதாவது வயதில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் பார்த்த வீரணன் என்பவரிடம் ஒரே ஒரு கேசட் இருந்தது. சந்திரவல்லி பாடிய தெம்மாங்கு. ஸ்டோரின் சூடான சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அத்தை தினமும் அதைக் கேட்டிருக்கிறார். ஒரு பாட்டின் நடுவில் நாடா இழுபட்டு, குரல் தடித்து நீளும். அதுவும் பாட்டுத்தான் என்று நினைத்து, அந்த இழுவையையும் அப்படியே பாடப் பழகியிருக்கிறார்.

ஏலச்செடிக்குள் உட்கார்ந்துவிட்டால் பக்கத்து ஆள் தெரியாது. அத்தையின் பாட்டு எந்தப் பக்கம் கேட்கிறதோ, அதை வைத்துத்தான் மற்றப் பெண்கள் நகர்வார்கள். போன வருடம் ஒருநாள் அவர் பாடிக்கொண்டே தனியாக ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டார். இருபது பேர் கூப்பிட்ட குரல் அவருக்கு எட்டவில்லை. யானை நடமாட்டம் இருந்த வாரம் அது. அன்றோடு பாட்டை நிறுத்திவிட்டார்.

சந்திரவல்லி போடிப் பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறார். முதல் முறை காய் எடுப்புக் காலம், லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது முறை அத்தைக்குப் பிரசவ நேரம். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் ஐந்து கழிந்த பிறகுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. போடிக்கு அப்பால் தேவாரம் என்ற ஊரில் கோயில் விழா, சந்திரவல்லி பாட்டு மாலை நான்கு மணிக்கு.

பாண்டியராஜ் அண்ணன் ஓட்டும் ஜீப்பில் மலையிலிருந்து இறங்கினோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னக்கா, சேலை புதுசு, பூவு புதுசு. சந்திரவல்லி ஒன்னயப் பொண்ணு பாக்க வருதா?"

"ஆமப்பா, மழை வராது" என்றார் அத்தை.

ஜீப்பே சிரித்தது.

போடிமெட்டிலிருந்து இறங்கும்போது எல்லாருக்கும் காது அடைக்கும். அடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட் வரும்போது 'டப்'பென்று திறந்துவிடும். இந்த முறையும் திறக்கும், ஒரேயடியாகத் திறக்கும் என்று அத்தை நம்பினார். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தார். வாயைத் திறந்து திறந்து பொய்க் கொட்டாவி விட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகம் கறுக்கும்வரை ஊதினார். முந்தலில் எனக்குத் திறந்தது. அத்தையைப் பார்த்தேன்.

"தொறந்துருச்சு ஆத்தா" என்றார்.

"மெய்யாவா அத்தே?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவாரத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்தோம். சந்திரவல்லிக்கு எழுபது தாண்டியிருக்கும். இரண்டு பேர் கைத்தாங்கலாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் தணிந்துபோயிருந்தது. அத்தை காதில் மாட்டியிருந்த மிசினைத் திருகித் திருகிப் பார்த்தார். தவில் அடிப்பது மட்டும் நெஞ்சில் இடிக்கிறது என்று சைகையில் சொன்னார்.

மூன்றாவதாக அந்தக் கேசட் பாட்டு. உதட்டசைவை வைத்தே கண்டுகொண்டார். இழுவை வரும் இடத்துக்காகக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். சந்திரவல்லி இழுக்கவில்லை. நேராகக் கடந்து அடுத்த அடிக்குப் போய்விட்டார். தனக்குத்தான் கேட்காமல் போய்விட்டது என்று அத்தை பதறி எழுந்தார். காதோடு உள்ளங்கையைச் சேர்த்து, தலையைச் சாய்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"உறக்கெ! அம்மா, உறக்கெ!"

பாட்டு நின்றது. சந்திரவல்லி அந்தச் சாய்ந்த தலையையும் கன்னத்துக் கையையும் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"உறக்கமா தாயி? எம்பாட்டுக்கு அம்புட்டு நல்லா உறக்கம் வருதா? வீட்டுல போயி ஒறங்கு. இனி நானும் அதுதான் செய்யணும்."

கூட்டம் சிரித்தது. மலைக்குப் போய் வந்த சிலருக்குப் புரிந்திருக்கலாம். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. அவர் தன்னோடு பேசிவிட்டார் என்று அத்தைக்கு மட்டும் தெரிந்தது. கும்பிட்டார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

நான் எழுந்து நான்கு வார்த்தையில் விளக்கியிருந்தால் போதும். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். சந்திரவல்லி பாட்டை அங்கேயே விட்டுவிட்டு, மைக்கைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். பிறகு பாடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தைதான் கேட்டார்.

"எங்கிட்ட என்னத்தா சொன்னாக?"

என்னால் பொய் சொல்ல முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பேச்சு நாளைக்கு எஸ்டேட் வரைக்கும் வந்துவிடும். சந்திரவல்லி சொன்னதை அப்படியே போனில் எழுதிக் காட்டினேன். ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். மிசினைக் காதிலிருந்து கழற்றிச் சுருக்குப்பையில் போட்டார்.

சிலமலை நிறுத்தம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியையே பிடித்திருந்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தன் குரல் தனக்கே கேட்காததால், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நீ ரெண்டு பாசையும் படிச்சவ. அவுக வீட்டுக்கு ஒருநா போயிட்டு வா ஆத்தா. எம்பேரச் சொல்ல வேணாம். மலையில உறக்கெம்பாக, அதுக்கு அர்த்தம் இன்னதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துரு."