தம்பி காலில் இருந்த தகடு

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பெப்டைடு செய்கிறோம். அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்யும் சின்னச் சங்கிலி, அவ்வளவுதான். எந்த ஊசிக்கும் அடங்காத கிருமியின் மேல்தோலை அது ஓட்டை போட்டுவிடும். கண்ணாடித் தட்டில் கிருமி சாவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் தம்பியின் காலில் இருந்ததும் அதே இனம்தான்.

அவன் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்றவன். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு டிரெய்லர் உரசிவிட்டுப் போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். தையல் பிரித்த பிறகும் சீழ் நிற்கவில்லை. தண்ணீர் டிரம்மின் உள்பக்கம் கை வைத்தால் வழுவழுவென்று இருக்குமே, அப்படி ஒரு படலத்தைத் தகட்டின் மேல் கட்டிக்கொண்டு கிருமிகள் உள்ளே உட்கார்ந்துவிட்டன. மருந்து உள்ளே இறங்கவே இல்லை. டாக்டர் மாற்றி மாற்றி ஊசி எழுதினார். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? தினமும் எங்கள் டிரம்மைத் தேய்த்துக் கழுவினேன்.

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே சந்தேகம். "நீதான் அந்த மருந்த செஞ்சிகினு கீறியே, கொஞ்சம் எடுத்தாந்து தம்பிக்குப் போட வேண்டியதுதானே? இன்னா பொம்பள நீ!" என்றார். எங்கள் அமினோ அமிலச் சங்கிலிக்குப் பாசிமாலை என்று பேர் வைத்திருந்த தம்பியும் கிண்டலாகக் கேட்பான். "யக்கா, ஒங்க பாசிமாலைல ஒரு சொட்டு களவாண்டுட்டு வாயேன்."

"வாய மூடுலே. அது இன்னும் மருந்தில்ல" என்பேன்.

அது கிருமியை மட்டும் ஓட்டை போடுவதில்லை. அளவு கூடினால் ரத்த அணுக்களையும் உடைக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் சங்கிலியை மாற்றி மாற்றிக் கோக்கிறோம். மனிதருக்குப் போட இன்னும் வருஷக்கணக்காகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது பெப்டைடு குப்பியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

காய்ச்சல் ஏறியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, தகட்டை எடுத்தே ஆக வேண்டும், காலும் போகலாம் என்றார் டாக்டர். அம்மா சங்கரன்கோவில் பக்கம் ஊரில் இருக்கிறாள். தகடு வைத்ததோடு கால் தேறிவிட்டது என்று தம்பி அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அவளிடம் போன் பேசினான்.

"யம்மா, நாளைக்குக் காலைல ஓ.டி. இருக்கு. போன் எடுக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் செய்யும் அறை. ஆனால் இந்தப் பக்கம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய அம்மாக்களுக்கு அது ஷிஃப்ட்டுக்கு மேல் பார்க்கிற வேலை மட்டும்தான்.

"வேலைக்குப் போயிட்டியாய்யா! அதுக்குள்ள ஓ.டி.யும் பாக்கியா?" அம்மாவின் சந்தோஷம் தள்ளி நின்ற எனக்கே கேட்டது. "ஒடம்ப பாத்துக்கோய்யா."

"சரிம்மா" என்று வைத்துவிட்டான். நான் முறைத்தேன்.

"நா பொய்யா சொன்னேன்? ஓ.டி.ன்னுதான சொன்னேன்" என்று சிரித்தான். கோபத்தை மீறி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மதியம் டாக்டர் வெளியே வந்தார். தகட்டை எடுத்துவிட்டோம், ஆனால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, இதயம் தாங்கவில்லை என்றார். தட்டில் நான் சாகடித்துக்கொண்டே இருந்த கிருமி என் தம்பியைக் கொண்டுபோய்விட்டது. அந்த வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டுக் கதறினேன்.

அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போனை எடுத்ததும் அவள் என்னைப் பேச விடவில்லை.

"தம்பி வேலைக்குப் போயிட்டான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன்ட்டி. ஓ.டி. முடிஞ்சு வந்துட்டானா?"

"முடிஞ்சிட்டும்மா" என்றேன். போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"தூங்குதானா? எழுப்பாத. தூங்கட்டும்" என்றாள்.