வேங்கை இல்லை, ஈட்டி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மரம் தெரியும். இப்போதும் ஐந்தருவிப் பக்கம் பேத்தி போனில் ஒரு மரத்தைப் படம் பிடித்தால், போன் பேர் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவேன். அம்மாவோடு மலைக்கு விறகு பொறுக்கப் போய்ப் படித்த படிப்பு. அந்தக் கர்வம் எனக்கு ஒன்பது வயதிலேயே உண்டு.

இலஞ்சிக்கு மேற்கே மலையடியில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அடுத்தடுத்து வயல். தாத்தா சாகுமுன் வாய்ச்சொல்லாகப் பிரித்துக் கொடுத்தது. வேங்கை மரத்துக்கு மேற்கே சின்னவனுக்கு, கிழக்கே பெரியவனுக்கு. நடுவில் இருந்த கிணற்றுக்குக் கிழக்கே ஒரு மரம் நின்றது. அது வேங்கை என்றால் கிணறு எங்களுக்கு. பெரியப்பாவோ, வேங்கை கிணற்றுக்கு மேற்கே நின்றது, எப்போதோ காற்றில் சாய்ந்துவிட்டது, இது வேறு மரம் என்றார்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் பார்த்துச் சொல்வதாகப் பேச்சு. அதற்கு முந்தின வாரம் முழுக்க அப்பா விடியுமுன்னே போய் மரத்தடியைக் கூட்டினார். பெரியவர்கள் உட்காரத்தான் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் வயல்காட்டு ஆட்கள். மலை மரம் பழக்கமில்லை. இலையைக் கிள்ளி முகர்ந்தார்கள். இரண்டு மரத்துக்கும் இலை ஏறக்குறைய ஒரே சாயல். கீழே பூவுமில்லை, காயுமில்லை. சின்னவன் சொல்லே இருக்கட்டும் என்று ஒருவர் துண்டை உதறி எழுந்துவிட்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கல்லெறிந்து ஒரு கொத்தை விழத்தட்டினேன்.

"இது ஈட்டி மரம் தாத்தா. வேங்கைக் காய் அப்பளம் மாதிரி வட்டமால்லா இருக்கும், பூ மஞ்சள். இது காய் நீளம், பூ வெள்ளை. பாருங்க."

கொத்து கைமாறிக் கைமாறிப் போயிற்று. பெரியப்பா சிரித்தார். "தம்பி, பிள்ளைய நல்லாத்தாம்லே வளத்திருக்க."

திரும்பும்போது வழக்கமாக என்னைத் தூக்கி வாய்க்காலைத் தாண்டுகிற அப்பா, அன்று முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

கிணறு போனபின் வயல் மழையை நம்பிக் கிடந்தது. அப்பா புனலூருக்கு மூட்டை தூக்கப் போனார். மாதம் ஒருமுறை வந்தால் சோற்றுத் தட்டைப் பார்த்தே பேசுவார். கோபம் என்றுதான் எண்ணினேன். உண்மையைத்தானே சொன்னேன் என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். பெற்ற மகள் முன்னால் பொய்யனாக நின்றவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு எட்டவில்லை. எட்டியபோது அவர் இல்லை.