நாலாம் மாடி ரெகுலேட்டர்

எட்டு மாடி அலுவலகத்துக்கும் இருபத்திரண்டு வருடமாக ஏசி ஓட்டுகிறவருக்கு அங்கே வைத்த பெயர் ஐஸ்கட்டி. யார் வந்து கத்தினாலும் இந்த ஐஸ்கட்டி மட்டும் உருகாது என்று வைத்தார்கள். மற்றவர்களையெல்லாம் குளிர வைத்துவிட்டு, அவர் மட்டும் தரைக்குக் கீழே இயந்திர அறையில், பனியனைப் பிழிந்தால் வாளி நிறையும் என்கிற கதியில் உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஹாலில் ஒருத்தர் ஸ்வெட்டர் போட்டு நடுங்குவார், பக்கத்து மேஜைக்காரர் ஃபைலால் விசிறிக்கொள்வார். இந்தச் சண்டைக்கு ஐஸ்கட்டி கண்டுபிடித்த வைத்தியம், மாடிக்கு மாடி சுவரில் ஒரு ரெகுலேட்டர். எண் போட்டது, திருகினால் டக் டக்கென்று சத்தமும் வரும். பின்னால் ஒரு வயர்கூடக் கிடையாது. "திருகிட்டு பத்து நிமிஷம் பொறுங்க சார்" என்பார். பத்தாவது நிமிடம், "இப்பதான்ப்பா உயிர் வந்துச்சு" என்று போன் வரும். தனியாகச் சிரித்துக்கொள்வார்.

நாலாம் மாடியில், ஜன்னல் இல்லாத கோப்பறையில் வேலை பார்த்தவர் அவருடைய அக்கா. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அக்காவிடமாவது ரகசியத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மதியத்துக்குள் எட்டு மாடிக்கும் ஒலிபரப்பாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையிலிருந்து போன் ஓயவே இல்லை. பதினொரு மணிக்கு அக்கா.

"டேய் தம்பி, இங்க காத்தே வரலடா. வேகுது."

"ஊரே வேகுது. ரெகுலேட்டர ரெண்டு குறைச்சுட்டு பத்து நிமிஷம் உக்காரு."

"குறைச்சுட்டேன்டா."

"இன்னொண்ணு குறை. நீ என்ன சின்னப் பாப்பாவா?"

பன்னிரண்டுக்கு மறுபடி கூப்பிட்டார். குரல் குழறியது. "மொத்தமும் குறைச்சாச்சு... தலை சுத்துதுடா."

அந்த நேரம் பார்த்து இன்னொரு போனில் எட்டாம் மாடி மேனேஜர். "வரேன்க்கா, அஞ்சே நிமிஷம்" என்று வைத்துவிட்டு எட்டாம் மாடிக்கு ஏறினார். அங்கே குளிருக்குக் குறைவில்லை. காற்று மேனேஜர் தலைக்கு நேராக வீசுகிறதாம், கொஞ்சம் திருப்பிவிட வேண்டுமாம்.

திருப்பிவிட்டு நாலாம் மாடிக்கு இறங்க அரை மணி ஆனது. அக்கா கோப்புக் கட்டுகளுக்கு நடுவே சரிந்து கிடந்தார். உடம்பு இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. அந்த அறையின் ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் போகிற குழாயின் வால்வு மூடியபடி சிக்கியிருந்தது. முதல் போனுக்கே வந்து கையால் ஒரு தட்டு தட்டியிருந்தால் திறந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அக்கா கண் விழித்தார். சிறுநீரகம் தேறுமா என்று டாக்டர் வாயைத் திறந்து சொல்லவில்லை. அக்காவின் முதல் பேச்சே இதுதான்:

"நான்தான் தப்பா திருகிட்டேன் போலடா. மெஷின் ஏதும் கெட்டுப்போச்சா? உன்னத் திட்டினாங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று வரவில்லை.

"அதுல வயரே இல்லக்கா."

அக்கா தம்பி பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப நான் கூப்பிட்டப்போ நீ எங்கடா போன?"

சொன்னார். காற்றைத் திருப்பிவிட்டதையும் சொன்னார்.

அக்கா திட்டவில்லை. தம்பி நீட்டிய டம்ளரை வாங்காமல், பக்கத்துக் கட்டில்காரரின் மகளைப் பார்த்து, "அம்மாடி, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.